பேட்டரி பாவம்யா, விட்டுடுங்க!

காரைக்காலில் ஒரு பைக்கின் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் நாலு பேரும் ஒரே குரலில் சொல்வது: "பேட்டரி போச்சு!" மீட்டர் வேண்டாம், வண்டியைத் தொடவும் வேண்டாம். தீர்ப்பு ரெடி :-)

இந்தச் சந்தேகத்துக்கு வரலாறும் உண்டு. 1914இல் அமெரிக்காவின் இண்டியன் கம்பெனி, செல்ஃப் ஸ்டார்ட் வைத்த ஹெண்டி ஸ்பெஷல் மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தது. பேட்டரி சார்ஜ் தாங்காததால் அந்த மாடலே மூட்டை கட்டியது. அப்போது குற்றவாளி பேட்டரிதான். நூறு வருஷம் தாண்டியும் அதே ஆளையே பிடித்து உள்ளே போட்டால் எப்படி?

காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுகிற வேலைதான் இது. தப்பு உள்ளே அப்படியே இருக்கும்.

கடலோர ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைப்புகளை. உப்புக்காற்று பட்டால் பேட்டரி முனையிலும் எர்த் வயரிலும் பச்சை, வெள்ளைப் பூச்சு படியும். அங்கே 0.05 ஓம் மின்தடை கூடினாலே போதும். 3 ஆம்பியர் இழுக்கும் ஹார்னுக்கு அதனால் நஷ்டம் 0.15 வோல்ட்தான். ஆனால் 60 ஆம்பியர் கேட்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 3 வோல்ட் நஷ்டம்! அதனால்தான் ஹார்ன் கணீரென்று அடிக்கும், செல்ஃப் மட்டும் 'டக்' என்று நின்றுவிடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும்.

1. பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லையா? கில் ஸ்விட்ச், நியூட்ரல் விளக்கு, கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட், ஃப்யூஸ் இவற்றைப் பாருங்கள். பாதி கேஸ் இங்கேயே முடியும்.

2. 'டகடக' சத்தமா? சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பிறகும் பட்டனை அமுக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மட்டும் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

3. ஒரே ஒரு 'டக்', ஆனால் பேட்டரி வோல்ட் இறங்கவே இல்லையா? மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை. பட்டனை அமுக்கியபடி பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவினால் வேலை முடிந்தது. எர்த் சரியென்றால் அடுத்து ரிலே, பிறகு மோட்டார்.

4. கிளம்பிய பிறகு லேசாக முறுக்கி மறுபடி அளங்கள். 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் ரெகுலேட்டர் அல்லது ஸ்டேட்டர் காயிலில் கோளாறு. புது பேட்டரி போட்டாலும் அதுவும் சீக்கிரம் சாகும்.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? அது ஸ்பார்க், பெட்ரோல் சமாசாரம். தனிக் கதை.

"மெக்கானிக்குக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். நியாயம்தான், ஆனால் இந்தச் சோதனைக்கு 10 நிமிஷம் போதும். முன்பெல்லாம் கிக்கர் காப்பாற்றியது. 2021இல் வந்த கிளாசிக் 350 மாதிரி இப்போது பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. விடியற்காலையில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவருக்கு ஒரு 'டக்' என்றால் ஒரு நாள் பிழைப்பு போச்சு. அவர் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து பேட்டரி மாற்றி, அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றால் அந்தக் காசுக்கு யார் பொறுப்பு?

ஆகவே மக்களே, அடுத்த முறை யாராவது "பேட்டரி போச்சு" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சுண்ணே?"