தொட்ட வரி மட்டும்

புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கும் பட்டறைக் கணக்கை டேலியில் ஏற்றலாம். 2003-இல் ஜான் வீக்லி தொடங்கிய லெட்ஜர் முறையில் வெறும் எழுத்துக் கோப்பாகவும் வைக்கலாம். எனக்குப் பின்னதே பிடிக்கும், நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். திருத்தும் வேலையை நிரலிடம் விடும்போதுதான் வம்பு. கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் நடுவே குறைந்தது 2 இடைவெளி வேண்டும். ஒன்றாகச் சுருங்கினால் தொகையும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சோம்பேறி நிரல் எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிவிடும். அரைப்புள்ளி போட்டு, ‘காஜா கூலி பாக்கி, தீபாவளிக்குள் தரணும்’ என்று தட்டிவைத்த குறிப்பு போயே போச்சு. (தர வேண்டியவருக்கு வசதிதான்.) கூட்டல் சரியாக வந்தால் மட்டும் போதுமா? நிரல் குறிப்பையும் இடைவெளியையும் சேர்த்தே படித்து நினைவில் வைத்து, தொட்ட வரியைத் தவிர மற்றதை எழுத்து மாறாமல் திருப்பித் தரட்டும்.