கோபிக்காரரும் முப்பது நாள் பொறுத்திருந்த கொலைகாரனும்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி வெடித்தால் நம்ம ஊரில் இரண்டே விதமான பேச்சுதான் கேட்கும். ஒன்று, "காசு இருந்து என்ன பண்றது, புள்ளைங்களை வளர்க்கத் தெரியலையே" என்கிற கலாசாரப் புல்லரிப்பு. இன்னொன்று, அங்கேயே செட்டில் ஆகிவிட்ட அண்ணன்மார்கள் லீவுக்கு வரும்போது சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்வது: "துப்பாக்கி யாரையும் கொல்றதில்லடா, மனுஷன்தான் கொல்றான். சட்டம் போட்டா நல்லவன்தான் மாட்டுவான். கெட்டவன் என்னைக்கு சட்டத்தை மதிச்சான்?"

முதல் கோஷ்டியை அப்புறம் கவனிக்கலாம். இரண்டாவது கோஷ்டி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் அது அவர்களுடைய சொந்தக் கருத்தே இல்லை. நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் என்கிற துப்பாக்கிச் சங்கம் பல வருஷமாக விற்றுக்கொண்டிருக்கும் சரக்கு. நம்ம ஆட்கள் அதை டியூட்டி ஃப்ரீ சாக்லேட்டோடு சேர்த்து வாங்கிவந்து நமக்கும் ஆளுக்கு இரண்டு கொடுக்கிறார்கள். நாமும் "அட, பாயின்டாத்தான் இருக்கு" என்று வாயில் போட்டுக்கொள்கிறோம்.

சரி, ஒரு பெயர் சொல்கிறேன். ஜி.வி.லோகநாதன். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்துக்காரர். கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் சிவில் படித்தார். ஐ.ஐ.டி. கான்பூரில் எம்.டெக்., அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1980-களின் தொடக்கத்திலிருந்து வர்ஜீனியா டெக்கில் பேராசிரியர். அவருடைய துறை நீரியல். எவ்வளவு மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்கிற கணக்கு. (2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கின் அருமை தெரியும். சிவில் படிக்கிற என்னை மாதிரி ஆளுக்கு அது செமஸ்டர் பேப்பர்.) நம்மில் பாதிப் பேர் கனவு காணும் வாழ்க்கை அவருடையது. ஊர்ப் பக்கத்து காலேஜ், ஐ.ஐ.டி., அமெரிக்கா, பேராசிரியர் வேலை.

2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை. நாரிஸ் ஹால், 206-ம் நம்பர் அறை. அவர் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவரும் 9 மாணவர்களும் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் மும்பையிலிருந்து போன பெண். ஒருவர் இந்தோனேசியா, ஒருவர் எகிப்து. அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் மொத்தம் 32 பேர். சுட்டவனும் அங்கேயே படித்த மாணவன்தான். நாரிஸ் ஹாலில் மட்டும் சுமார் பத்து நிமிஷத்தில் குறைந்தது 174 குண்டுகள்.

இப்போது அண்ணன் சொன்ன பாயின்டுக்கு வருவோம். "கெட்டவன் சட்டத்தை மதிக்க மாட்டான்."

இந்தக் கெட்டவன் மதித்தான். அதுதான் விஷயமே. அவன் கள்ளச் சந்தைக்குப் போகவில்லை, எந்த ரவுடியையும் தேடி அலையவில்லை. 2007 பிப்ரவரியில் ஒரு துப்பாக்கியை இன்டர்நெட்டில் ஆர்டர் போட்டு உள்ளூர் அடகுக் கடையில் வாங்கிக்கொண்டான். மார்ச்சில் இரண்டாவதை ரோனோக் என்கிற ஊரில் கடையிலேயே போய் வாங்கினான். இரண்டு தடவையும் ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டான். ஏன் இரண்டையும் ஒரே நாளில் வாங்கவில்லை? அப்போது வர்ஜீனியாவில் முப்பது நாளைக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்று சட்டம் இருந்தது. 32 பேரைக் கொல்லப் போகிறவன், ரேஷன் கார்டுக்கு அடுத்த மாசச் சர்க்கரை வாங்குகிற மாதிரி, முப்பது நாள் பொறுத்திருந்து அடுத்ததை வாங்கினான்!

இதைவிடக் கொடுமை இன்னொன்று. 2005 டிசம்பரிலேயே, இவன் மனநிலை சரியில்லை, இவனால் இவனுக்கே ஆபத்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்று உத்தரவு ஆகியிருந்தது. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி அப்படிப்பட்டவன் துப்பாக்கி வாங்கவே கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகச் சொல்லி உத்தரவு போட்டால் மட்டும் லிஸ்டில் ஏற்றுவது என்று வர்ஜீனியா வைத்திருந்தது. வெளிநோயாளி என்றால் கிடையாது. கடைக்காரன் கம்ப்யூட்டரில் தட்டினான், பெயர் வரவில்லை, பில் போட்டுக் கொடுத்துவிட்டான். அந்த ஒரு ஓட்டையைச் சட்டத்தால் அடைத்திருந்தால் 206-ம் அறையில் மணி அடித்து வகுப்பு முடிந்திருக்கும். 10 குண்டுக்கு மேல் கொள்கிற மேகசின்களுக்கு 1994-ல் போட்ட தடையும் 2004-ல் காலாவதியாகி, யாரும் புதுப்பிக்கவில்லை. அவன் கொண்டுபோனதில் 15 குண்டு மேகசின்களும் இருந்தன.

சட்டம் நல்லவனை மட்டும்தான் கட்டுப்படுத்தும் என்கிறவர்கள், அந்த முப்பது நாளுக்கு விளக்கம் சொல்லட்டும். கேட்க ரெடியாக இருக்கிறேன்.

"மனுஷன்தான் கொல்றான்" என்கிற முதல் பாதிக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2012 டிசம்பர் 14. ஒரே தேதி, இரண்டு பள்ளிக்கூடம். சீனாவில் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் கத்தியோடு ஒருவன் புகுந்தான். 23 குழந்தைகளைக் குத்தினான். அமெரிக்காவில் சான்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ரைஃபிளோடு ஒருவன் புகுந்தான். 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். சீனாவில் செத்தது எத்தனை? ஒருவரும் இல்லை. சான்டி ஹூக்கில் அந்த 26 பேருமே செத்தார்கள். இரண்டு இடத்திலும் உள்ளே புகுந்தது 'மனுஷன்'தான். கையில் இருந்தது மட்டும்தான் வேறு.

கத்தியால் சாவே வராது என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ஒசாகா பக்கம் 2001-ல் ஒருத்தன் பள்ளியில் புகுந்து 8 குழந்தைகளைக் கத்தியாலேயே கொன்றான். அவ்வளவு தூரம் ஏன், நம்ம பாரிமுனையில் 2012 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் வகுப்பறையிலேயே டீச்சரைக் குத்திக் கொன்றான். தமிழ்நாடே ஒரு வாரம் தூங்கவில்லை. அந்தப் பையன் கையில் கத்திக்குப் பதில் 15 குண்டு கைத்துப்பாக்கி இருந்திருந்தால்? அடுத்த பெஞ்ச், அதற்கடுத்த பெஞ்ச், பக்கத்து வகுப்பு... எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

இங்கேதான் முதல் கோஷ்டியையும் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. 'நம்ம கலாசாரம்' ஆட்கள்.

2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, நாங்குநேரி. பிளஸ் டூ படிக்கிற தலித் மாணவன் வீட்டுக்குள் அருவாளோடு புகுந்தார்கள். வந்தவர்கள் கூடப் படிக்கிற பையன்கள்தான். பள்ளிக்கூடத்தில் கொடுமைப்படுத்தினார்கள் என்று இவன் வாயைத் திறந்ததுதான் குற்றம். அவனையும் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கச்சியையும் வெட்டினார்கள். அமெரிக்காவில் ஸ்கூலுக்கு ரைஃபிள் எடுத்துக்கொண்டு போகிறவன் மனசில் என்ன வெறி இருக்குமோ, அதில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை இங்கே. கூடுதலாக ஜாதி வேறு. ஆனால் அண்ணனும் தங்கையும் உயிரோடு இருக்கிறார்கள். 2024-ல் அவன் பிளஸ் டூவில் 600-க்கு 469 வாங்கினான்.

அவன் பிழைத்ததற்கு நம்ம கலாசாரமா காரணம்? டாக்டர்கள் காரணம். கூடவே, டெல்லியில் உட்கார்ந்து 1959-ல் எழுதிய ஆயுதச் சட்டமும் காரணம். நம்ம பிள்ளைகள் ஒன்றும் அமெரிக்கப் பிள்ளைகளைவிட நல்ல பிள்ளைகள் இல்லை. அவர்களுக்குத் துப்பாக்கி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். (நாங்குநேரிக்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கலர் கலராக ஜாதிக் கயிறு கட்டக் கூடாது என்று சொன்னதற்கே என்னென்ன கூச்சல் போட்டார்கள்! வெறியைக் குறைக்கிற வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அது போதும். ஆயுதத்தைத் தள்ளி வைக்கிற வேலை அதைவிடச் சுலபம்.)

இங்கேயும் துப்பாக்கி கைக்கு எட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கூர்கான் சாட்சி. 2007 டிசம்பரில், வர்ஜீனியா டெக் நடந்த அதே வருஷம், ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து வகுப்புத் தோழனைச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்கப் படம் பார்த்துக் கெட்டுப்போனார்கள் என்று டிவியில் பேசினார்கள். படம் தமிழ்நாட்டிலும்தான் ஓடுகிறது. கூர்கானில் ஒரு பையனுடைய அப்பாவுக்கு லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. அதுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கத்து உதாரணமும் உண்டு. கேளம்பாக்கம் வருவது திருப்போரூர் தொகுதியில். 2020 ஜூலையில் திருப்போரூர் பக்கம் செங்காட்டில் ஒரு நிலத் தகராறில் துப்பாக்கி வெடித்து, அப்போதைய எம்.எல்.ஏ.வே கைதானார். ஓ.எம்.ஆர். முழுக்க அதே பேச்சு. நிலத் தகராறு இந்தப் பக்கம் தினமும் நடக்கிறது, அடிதடியும் நடக்கிறது. ஆனால் 'துப்பாக்கி' என்றதும் சனங்கள் அதிர்ந்து போனார்கள் பாருங்கள், அந்த அதிர்ச்சி இன்னும் மிச்சமிருப்பதே ஒரு பாக்கியம். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்கிற ஆய்வு அமைப்பின் 2017 கணக்குப்படி அமெரிக்காவில் 100 பேருக்கு சுமார் 120 துப்பாக்கி. கள்ளத் துப்பாக்கியெல்லாம் சேர்த்தே இந்தியாவில் 100 பேருக்கு ஐந்து சொச்சம்.

இந்த வித்தியாசம் தானாக வந்துவிடவில்லை. 1878-ல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டபோது அது நம்மை அடக்கத்தான். காந்தியே 1930-ல் வைஸ்ராய்க்கு வைத்த பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்பதும் ஒன்று. நம்ம ஊர்த் துப்பாக்கி ரசிகர்கள் இதை அடிக்கடி எடுத்து நீட்டுவார்கள். ஆனால் அதிலேயே 'மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு' என்று ஒரு வால் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடுவார்கள். சுதந்திரம் வந்த பிறகு நம்ம ஆட்களே உட்கார்ந்து 1959-ல் புதுச் சட்டம் எழுதினார்கள். அதிலும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி கிடையாது என்றே வைத்தார்கள். உரிமைக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் எடுத்த முடிவு அது.

"அப்போ ஸ்கூலுக்கு ஸ்கூல் போலீஸ் போடணும், வாத்தியார் கையில துப்பாக்கி கொடுக்கணும்" என்பது அண்ணன்மார்களின் கடைசி அஸ்திரம். டெக்சாஸில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 2022 மே மாதம் அதையும் பார்த்துவிட்டோம். 19 குழந்தைகள், 2 டீச்சர்கள். அங்கே வந்து சேர்ந்த போலீஸ் அதிகாரிகள் 376 பேர். எல்லோர் கையிலும் துப்பாக்கி. உள்ளே போய் அவனைச் சுட 77 நிமிஷம் ஆயிற்று. பயிற்சி எடுத்த 376 பேர் வெளியே தயங்கி நின்ற இடத்தில், அல்ஜீப்ரா நடத்துகிற டீச்சர் கையில் பிஸ்டல் கொடுத்தால் சரியாகிவிடுமாம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வண்டலூர் ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் இருக்கிற காலேஜ்களிலிருந்து வருஷா வருஷம் எவ்வளவு பேர் எம்.எஸ். படிக்க விமானம் ஏறுகிறார்கள்! கன்சல்டன்சியில் ரேங்க் கேட்கிறோம், ஃபீஸ் கேட்கிறோம், பார்ட் டைம் வேலை கிடைக்குமா, சாம்பார் கிடைக்குமா என்றுகூடக் கேட்கிறோம். அந்த மாநிலத்தில் துப்பாக்கிச் சட்டம் என்ன என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நம்ம ஆட்கள் நிறையப் பேர் போவது டெக்சாஸுக்கு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் லைசென்ஸ் வைத்திருப்பவர் மறைத்து எடுத்துவரும் கைத்துப்பாக்கியோடு வகுப்பில் உட்காரலாம். அந்தச் சட்டம் அமலுக்கு வந்த தேதி 2016 ஆகஸ்ட் 1. அதே ஆகஸ்ட் 1-ல்தான், 1966-ல், ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று ஒருவன் கீழே போனவர்களையெல்லாம் சுட்டான். சரியாக ஐம்பதாவது நினைவு நாள். இதைவிடக் கொழுப்பு உண்டா?

அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒன்று. ஹார்வர்டில் தமிழ் இருக்கை வேண்டும் என்றபோது உலகத் தமிழர்களெல்லாம் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினோம், முன்னால் நின்றவர்கள் நீங்கள். பெருமைதான், மறுக்கவில்லை. வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் சுடப்பட்டதற்காக அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு காட்டியிருந்தால், எந்த செனட்டர் ஆபீஸிலும் உங்களை உட்காரவைத்துப் பேசியிருப்பார்கள்.

ஒன்றும் நடக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். டன்பிளேன் பள்ளியில் 1996-ல் 16 குழந்தைகளும் ஒரு டீச்சரும் செத்த பிறகு பிரிட்டன் அடுத்த வருஷமே கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அது வேற நாடு என்பீர்கள். சரி, ஃப்ளோரிடா? பார்க்லாண்டில் 2018 பிப்ரவரியில் 17 பேர் செத்தார்கள். குடியரசுக் கட்சி ஆட்சிதான். மாணவர்கள் தெருவில் இறங்கியதும் மூன்றே வாரத்தில் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கினார்கள்.

வர்ஜீனியாவின் அந்த முப்பது நாள் சட்டம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். பலப்படுத்தியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 2012-ல் தூக்கிக் கடாசிவிட்டார்கள், லோகநாதன் செத்து ஐந்தே வருஷத்தில். பிறகு 2019 மே மாதம் வர்ஜீனியா பீச்சில் அரசு அலுவலகத்தில் 12 பேர் சுடப்பட்டார்கள். அந்த நவம்பர் தேர்தலில் சட்டமன்றம் கை மாறியது. 2020-ல் பழைய சட்டம் திரும்ப வந்தது. வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியா ஊர்களில் நம்ம ஆட்கள் எவ்வளவு பேர் குடியுரிமை வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். லீவுக்கு வரும்போது, அந்த நவம்பரில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் அண்ணா, போட்டீர்களா இல்லையா, என்று கேட்டுப் பாருங்கள்.