ஓடு உடைந்தாலும் சேதம்தான்

சித்திரை, வைகாசியில் மதுரைச் சீமையில் இடியோடு இறங்கும் கோடைமழை சில நேரம் ஆலங்கட்டியையும் கொட்டிவிடும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் நாட்டு ஓடுகள் நொறுங்கும். வெயிலில் இற்றுப்போன சிமெண்ட் அட்டையில் ஓட்டை விழும். பதறி மேலே ஏறாதீர்கள். பழைய அட்டை ஆள் எடை தாங்காது, அதன் கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கேடு. முதலில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக் கொடுங்கள். ஆலங்கட்டி மழை மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் 2022-26 நிவாரண விதிப்படி, குடிசை நீங்கலாக, வீட்டில் 15 சதவீதமாவது சேதமானால்தான் பணம். அதுவும் காரை வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000 ரூபாய். பத்து ஓடு உடைந்தாலே அடுப்படி நனைந்து, வைத்திருக்கும் அரிசியும் பாழாகும். கூரைச் சேதத்துக்கு இந்த வரம்பைத் தளர்த்தியே ஆக வேண்டும்.