விடியும் வரை விடாதே!

'கவலைப்படாதே...' உலகத்திலேயே இலவசமா கிடைக்கிற அட்வைஸ் இதுதான். அப்பா சொல்வார், அம்மா சொல்வாங்க, ஹாஸ்டல் வார்டன்கூட சொல்வார். அதைக் கேட்டதும் யாருக்காவது கவலை போயிருக்கா? 'எல்லாரும் கவலைப்படாதேனு சொல்றாங்க, எனக்கு மட்டும் போகமாட்டேங்குதே'னு புதுசா ஒரு கவலை வேற சேர்ந்துக்கும்!

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதுல எக்ஸ்ட்ரா சுமை ஒண்ணு உண்டு. 'உனக்கு விசுவாசம் பத்தல. அதான் பயப்படுற'னு யாராவது சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஜெபம் பண்ணிட்டுத்தான் எக்ஸாம் ஹாலுக்குள்ள போறோம். ஆனாலும் கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் கை நடுங்குது. அப்படின்னா நம்ம விசுவாசம் போலியா? மத்த ஃப்ரெண்ட்ஸும் சிரிக்காதீங்க. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்திட்டு வந்து படுத்தா, ரிசல்ட் பயம் மறுபடி தலைமாட்டுல வந்து உட்காருதுல்ல? ரெண்டும் ஒரே கேள்விதான். நம்பிக்கை இருக்கிற இடத்துல கவலை இருக்கலாமா?

இந்தக் கேள்வியோட நம்ம திருவண்ணாமலை மலையில வருஷக்கணக்கா மல்லுக்கட்டின ஒரு கிறிஸ்தவத் துறவியைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப் போறோம்.

அவர் பெயர் ஹென்றி லெ சோ. 1910-ல் பிரான்ஸ் நாட்டின் பிரிட்டனி பகுதியில் பிறந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது, பிரசவத்தில் அம்மாவின் உயிருக்கே ஆபத்து வந்தது. அடுத்த முறை அம்மா கர்ப்பமானதும் பையனுக்கு பயம் பிடித்துக்கொண்டது. 'அம்மாவைக் காப்பாத்திக் கொடுங்க. நீங்க எவ்வளவு தூரம் அனுப்பினாலும் போறேன்' என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டான். அம்மா பிழைத்தார். பையன் வாக்கைக் காப்பாற்றினான். 1929-ல் பெனடிக்டின் மடத்தில் சேர்ந்து, 1948-ல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

1949 ஜனவரியில், சக பாதிரியார் ஜூல்ஸ் மோன்ஷானின் அவரை ரமணாசிரமத்துக்கு அழைத்து வந்தார். அப்போது லெ சோவுக்கு வயசு 38. முதல் தரிசனத்தில் பெரிசாக ஒன்றும் தோன்றவில்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு காய்ச்சலில் படுத்தார். ஆனால், பார்த்த முகம் மனசை விட்டுப் போகவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

1950-ல் இருவரும் சேர்ந்து குளித்தலை பக்கத்தில், காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். லெ சோ காவி கட்டி, 'அபிஷிக்தானந்தா' என்று பெயர் வைத்துக்கொண்டார். கிறிஸ்து என்றால் அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று அர்த்தம் இல்லையா, அதிலிருந்து வந்த பெயர். 1952-லிருந்து அடிக்கடி அருணாசல மலைக்கு வந்து, குகைகளில் தனியாகத் தங்கினார். அங்கே அவருக்கு ஓர் அமைதி கிடைத்தது. கூடவே ஒரு பயமும் வந்தது.

என்ன பயம்? 'நான் கிறிஸ்துவுக்கு வாழ்க்கையைக் கொடுத்தவன். இந்த அத்வைத அமைதி என்னை வேறு எங்கோ இழுக்கிறதே... என் திருச்சபை சொல்வது உண்மை என்றால், நான் தப்பான பாதையில் போய் எல்லாவற்றையும் தொலைத்துவிடுவேனோ?' இந்தத் தவிப்பு உடம்பையும் மனசையும் அரிக்கிறது என்று 1953-ல் தன் டைரியில் எழுதினார். அந்த டைரி அவர் இறந்த பிறகுதான் புத்தகமாக வந்தது. குகையில் கண்மூடி உட்கார்ந்திருந்த காவிச் சாமிக்குள்ளே, ராத்திரி தூக்கம் வராத நம்ம பசங்க மாதிரி ஒரு புயல் அடித்துக்கொண்டிருந்தது!

நம்பிக்கை உள்ளவனுக்குக் கவலையே வராதுனு இனி யாராவது சொன்னா, நம்பாதீங்க. பைபிளை எடுத்துப் பாருங்க. சிலுவைக்கு முந்தின ராத்திரி, கெத்செமனே தோட்டத்துல இயேசுவே துக்கத்தால கலங்கினார். 'கூட கொஞ்சம் விழிச்சிருங்க'னு நண்பர்கள்கிட்ட கேட்டார். முடிஞ்சா இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும்னு அப்பாகிட்ட வெளிப்படையா கெஞ்சினார். இயேசு கலங்கினது விசுவாசக் குறைவுனு யாராவது சொல்வாங்களா?

சரி, அபிஷிக்தானந்தா என்ன பண்ணினார்? பயத்தை மறைக்கலை, மறைக்காம எழுதினார். 1956-ல் கும்பகோணத்துல 32 நாள் மௌனமா இருந்து அதை நேருக்கு நேர் பார்த்தார். அதே சமயம் கையில இருந்த வேலையை விடலை. கிறிஸ்தவக் குருவாவே இருந்தார், திருப்பலி வெச்சார், ஜெபம் பண்ணினார், ஆசிரமத்தைப் பார்த்துக்கிட்டார். முக்கியமா, 'இன்னிக்கே எனக்குப் பதில் தெரிஞ்சாகணும்'னு அடம்பிடிக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டார். 1970-ல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினதோட சாரம் இதுதான்: எவ்வளவு இழுபறியா இருந்தாலும் ரெண்டையும் கையில பிடிச்சுக்கிட்டு, விடியும் வரை காத்திருக்கிறதுதான் நல்லது.

மலைக்கு முதல்முறை வந்து அப்ப 21 வருஷம் ஆகியிருந்தது. கேள்வி இன்னும் தீரலை. ஆனா, கேள்வியைச் சுமக்கிற தோள் பலமாகியிருந்தது. 1973 ஜூலை 14-ம் தேதி, ரிஷிகேஷ் தெருவில், பஸ்ஸைப் பிடிக்க ஓடினப்ப மாரடைப்பு வந்து விழுந்தார். சாவைப் பக்கத்துல பார்த்த அந்த அனுபவத்தை, அற்புதமான ஒரு சாகசம்னு நண்பர்களுக்கு எழுதினார்! அதே வருஷம் டிசம்பர் 7-ம் தேதி இந்தூரில் இறந்தார்.

விசுவாசம் வளர்றதுன்னா இதுதான். கவலை காணாமப் போறது இல்லை, கவலையை விட நம்பிக்கையோட கை பெரிசாகிறது.

மலைப்பிரசங்கத்தையும் இந்தக் கண்ணோட படிச்சுப் பாருங்க. நாளையைப் பத்திக் கலங்காதீங்கனு இயேசு யார்கிட்ட சொன்னார்? வேளாவேளைக்குச் சாப்பாடு உறுதியா இருந்த பணக்காரங்ககிட்ட இல்லை. மீனவர்கள், நோயாளிகள், அன்னாடங்காய்ச்சிகள் கூடின கூட்டத்துல சொன்னார். அவங்க கவலை நிஜம்னு அவருக்குத் தெரியும். அவர் கத்துக்கொடுத்த ஜெபத்துலயும் கேக்கச் சொன்னது இன்னிக்குத் தேவையான சாப்பாட்டை மட்டும்தான். மாசக் கடைசி வரைக்கும் ஸ்டாக் கேக்கச் சொல்லலை! வானத்துப் பறவைகளை உதாரணம் காட்டினார். அந்தப் பறவைங்க கூட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கறது இல்லை, விடிஞ்சதும் கிளம்பிடும். சாயங்காலம் எங்கே இரை கிடைக்கும்னு காலையிலயே புலம்பறதில்லை, அவ்வளவுதான்.

உங்க கவலையும் நிஜம்தான். வீட்டுல முதல் பட்டதாரி நீங்க. எஜுகேஷன் லோன், ரெண்டு அரியர், தங்கச்சியோட படிப்பு, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தக் கம்பெனி வரும்னே தெரியாத நிலைமை... இதை 'சும்மா ஜெபம் பண்ணு, சரியாயிடும்'னு தட்டிவிட முடியாது. ஆனா, நாலு வருஷ லோனை இன்னிக்கு ராத்திரி ஒரே மூச்சுல கட்ட முடியாது. ஒரு அரியருக்கு ஒரு யூனிட் படிக்க முடியும். அந்த ஒரு யூனிட்டை நீங்க பாருங்க, மிச்சத்தைக் கடவுள் கையில கொடுங்க. இது சோம்பேறித்தனம் இல்லை, வேலையைப் பங்கு பிரிச்சுக்கிறது.

இன்னொரு விஷயம். வாரக்கணக்கா தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, வாழவே பிடிக்கலைனு தோணுதா? ஜெபம் பண்ணுங்க, டாக்டரையும் பாருங்க. ரெண்டும் எதிரி இல்லை. விசுவாசத்தால எழுந்த வேலூர் சி.எம்.சி-யே பாகாயத்துல மனநல மையம் நடத்துது. 14416-க்கு போன் பண்ணினா, டெலி மானஸ் ஆலோசகர்கள் இலவசமா பேசுவாங்க. விழிச்சிருங்கனு இயேசுவே நண்பர்களைக் கூப்பிட்டார். நாம உதவி கேட்கறதுல என்ன வெட்கம்?

இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம், நாளைக்கு என் கையால செய்ய முடிஞ்சது. வலது பக்கம், என் கையில இல்லாதது. இடது பக்கத்துக்கு அலாரம் வையுங்க. வலது பக்கத்தை ஒவ்வொண்ணா பேர் சொல்லி, உங்க கடவுள்கிட்ட ஒப்படைச்சிட்டுத் தூங்குங்க. மறுநாள் அதே கவலை திரும்பி வந்தா தோத்துட்டோம்னு நினைக்காதீங்க. மறுபடி எழுதுங்க, மறுபடி ஒப்படையுங்க.

விடியும் வரை பிடியை விடாதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!