கடைக் கடலை விதைக்கு ஆகாது!

கொண்டைக்கடலைச் சுண்டல் இல்லாமல் நவராத்திரி ஏது? உலகில் விளையும் கொண்டைக்கடலையில் பாதிக்கு மேல் நம் இந்தியாவில்தான் விளைகிறது. ஆயினும் அது போதாமல், 2024 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் இறக்குமதி வரியை நீக்கி வெளிநாட்டுக் கடலைக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்குப் பத்து வரி போட்டது.

விளைச்சல் குறைவதற்கு மழை, விலை என்று காரணங்கள் பல உண்டு. மண்ணுக்குள் மறைந்திருக்கும் காரணமும் ஒன்று உண்டு. அதுதான் வாடல் நோய்.

வேரில் நுழையும் பூசணம்

ஊறுகாயில் பூசணம் பூப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வகையைச் சேர்ந்ததே ஃபுஸேரியம் என்னும் பூசணம். இது வேர் வழியாக நுழைந்து, செடிக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி தலை சாய்கிறது. தண்டைப் பிளந்தால் உள்ளே கருத்த கோடு தெரியும். இளஞ்செடியிலேயே வாடினால் விளைச்சலில் பெரும்பங்கு போய்விடும்.

பகைவன் ஒருவன் அல்ல

நோய் தாங்கும் ரகத்தைப் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல்.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஹவாரே, நேனே என்ற விஞ்ஞானிகள், வெவ்வேறு இடத்துப் பூசணங்களைப் பத்து ரகக் கடலைகளில் சோதித்தார்கள். ஓரிடத்துப் பூசணத்தால் மாண்ட ரகம், வேறோர் இடத்துப் பூசணத்துக்கு அசையாமல் நின்றது! இந்தியாவில் இப்பூசணத்தில் நான்கு இனங்கள் உண்டு என்று 1982-ல் அவர்கள் அறிவித்தார்கள். உலகில் எட்டு இனங்கள் வரை இன்று அறியப்பட்டுள்ளன.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேற்றுமை மரபணுவிலும் வீரியத்திலும் இருக்கிறது. ஆகவே, "நோய் தாங்கும்" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த இடத்து நோயைத் தாங்கும் என்று கேட்க வேண்டும்.

வெள்ளிமலைக்கு என்ன?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சாமையும் மரவள்ளியும் பழகிய பயிர்கள். பனிக்காலத்தில் கொஞ்சம் கடலை போட்டுப் பார்ப்போமே என்று யாருக்காவது தோன்றலாம். சமையலுக்கு வாங்கிய கடலையே கைக்கு எளிதாக எட்டும். அதில்தான் ஆபத்து!

கடைக் கடலை எங்கெங்கோ விளைந்து கலந்து வருவது. அதை வேகவைத்துச் சாப்பிடத் தடையில்லை. ஆனால் இந்தப் பூசணம் விதையோடும் பயணம் செய்யும். எந்த இனம் வருகிறது என்று கண்ணால் அறிய முடியாது. நோயறியாத நிலத்தில் ஒருமுறை இறங்கிவிட்டால், கடலையே போடாவிட்டாலும் ஆறு ஆண்டு வரை அது மண்ணில் உயிரோடு கிடக்கும்.

ஆகையால் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு, சான்று பெற்ற விதையையே வாங்குங்கள். விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி தூளைக் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். செடிகள் வாடிய இடத்தில் மறுபடி கடலை போடாதீர்கள்.

சமையலுக்கு வாங்கியது அடுப்புக்கே போகட்டும். நிலத்துக்கு நல்ல விதை போகட்டும்.