வீசாவுக்கு முன் நூலகத்துக்குப் போங்கள்

போன ஆடி வெள்ளிக்கிழமை ரேணுகாம்பாள் கோயில் வாசலில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். சென்னையில் நல்ல வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். "சார், அடுத்த சம்மர்ல யூரோப் போறோம். 9 நாள், 6 நாடு. அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போறோம்" என்றார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. "போறதுக்கு முன்னாடி என்னப்பா படிக்கிறே?" என்றேன். திடீர்ப் பரீட்சை வைத்ததுபோல முழித்தார். "படிக்கிறதா? எல்லாம் போன்லயே இருக்கே சார். அங்க கைடும் வருவாரு."

கோயில் வாசலில் வைத்து வாக்குவாதம் செய்ய மனம் வரவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன். லட்சக்கணக்கில் செலவழித்துக் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறவர்கள், ஒரு மாதமாவது நூலகப் புத்தகங்களைப் படிக்காமல் விமானம் ஏறுவது தப்பு. சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்வேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நான்தான்.

2016 ஏப்ரலில் நானும் என் மனைவியும் நெதர்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். கிளம்புவதற்கு முன் நான் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். ஷெங்கன் வீசாவுக்கு வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, குளிருக்கு ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி, புளியோதரைப் பொடி, ஊறுகாய், மாத்திரைகள். ஒரு மாதம் இதே வேலை. ஒரே ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை. மகள் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், கூட்டிக்கொண்டு போவார்கள் என்ற நினைப்பு.

அவர்கள் வீடு தி ஹேக் நகரத்தில். ஒரு நாள் கூக்கன்ஹாஃப் தோட்டத்தில் டூலிப் பூக்கள் பார்க்கக் கிளம்பினோம். ரயிலில் கால் மணி நேரம் போய் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்குப் பஸ் மாறினோம். பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது பேத்தி கேட்டாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது: "தாத்தா, டச்சு ஷிப்பெல்லாம் இந்தியாவுக்கு வந்துச்சுன்னு எங்க ஸ்கூல்ல சொன்னாங்க. நம்ம ஊர்ப் பக்கம் வந்துச்சா?" நான் பொதுவாக, "வந்துச்சும்மா, பழவேற்காட்டுக்கு வந்துச்சு" என்று சொல்லி முடித்துவிட்டேன். பஸ் வந்தது. பூக்கள் மிக அழகாக இருந்தன. நூறு போட்டோவாவது எடுத்திருப்போம்.

நாங்கள் பஸ் மாறிய அந்த ஊரின் பெயர் லெய்டன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன் நான். சோழர் வரலாற்றுக்கு ஆதாரமான செப்பேடுகள் யாவை? அன்பில், திருவாலங்காடு, கரந்தை, லெய்டன். இதை எத்தனை வகுப்புகளுக்கு, எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு மார்க் கேள்வி. அந்த லெய்டன் ஓர் ஊர் என்பதும், அந்த ஊர் மண்ணில் நின்றுகொண்டுதான் நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்பதும் என் மண்டையில் ஏறவே இல்லை. அங்கே அதை "லைடன்" என்கிறார்கள். காது கேட்டது, மூளை சேர்த்துப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்து, வேறு எதற்கோ போளூர் நூலகத்துக்குப் போனேன். அங்கே அலமாரியில் சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' கண்ணில் பட்டது. சும்மா புரட்டினேன். ஆனைமங்கலச் செப்பேடு பற்றிய இடம் வந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கடாரத்து அரசன் தன் தகப்பனார் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினான். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் தெரிந்த அதே சூடாமணி விகாரம். சைவனான ராஜராஜ சோழன் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அதை ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டச் செய்தான். மொத்தம் 21 ஏடுகள். 5 ஏடு வடமொழி, 16 ஏடு தமிழ். எல்லாவற்றையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்துச் சோழ முத்திரை வைத்திருக்கிறது. குலோத்துங்கன் காலத்தில் இன்னும் 3 ஏடுகள். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658இல். 1781 வரை அது அவர்கள் கையில். அந்தக் காலத்தில் இந்தச் செப்பேடுகள் கடல் கடந்து போய், பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. நான் பஸ்ஸுக்கு நின்ற அன்று அவை அந்த ஊரில்தான் இருந்தன.

அன்று தெரிந்திருந்தாலும் பார்க்க விட்டிருப்பார்களோ என்னவோ. அப்படிப்பட்ட பொருளை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்ட மாட்டார்கள். அது போகட்டும். பேத்தி கேட்ட கேள்விக்கு, "இதே ஊருக்கு நம்ம ராஜராஜன் கொடுத்த சாசனத்தை அந்தக் கப்பல்காரங்க கொண்டு வந்துட்டாங்கம்மா" என்று சொல்லியிருக்கலாமே. அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க மறந்திருக்காது. அந்த நிமிஷம் கையை விட்டுப் போய்விட்டது. என் வருத்தம் அதுதான்.

இதைச் சொன்னால் நண்பர்கள் மூன்று சமாதானம் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எல்லாம் போனில் இருக்கிறது. உண்மைதான். ரயில் நேரம், டிக்கெட் விலை, மழை வருமா, இட்லி எங்கே கிடைக்கும் என்பதற்கெல்லாம் போன்தான் சரி. ஆம்ஸ்டர்டாமில் ஆனி ஃப்ராங்க் ஒளிந்திருந்த வீட்டைப் பார்க்க இணையத்தில்தான் டிக்கெட், அதையும் முன்கூட்டியே வாங்காவிட்டால் கிடைக்காது. இதையெல்லாம் புத்தகத்தில் தேடுகிறவன் முட்டாள். ஆனால் போன் நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். லெய்டன் ஸ்டேஷனில் என் பையிலும் போன் இருந்தது. நான் கேட்டது, "கூக்கன்ஹாஃப் பஸ் எத்தனை மணிக்கு?" அது சரியாகச் சொன்னது. கேட்கத் தெரியாத விஷயத்தை அது எப்படிச் சொல்லும்? அதை எனக்குச் சொன்னது நூலக அலமாரி. ஒன்றைத் தேடிப் போனால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று கையைப் பிடித்து இழுக்கும்.

இரண்டாவது, கைடு சொல்வார். கைடுகளைக் குறை சொல்லவில்லை; அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் 6 நாட்டை 9 நாளில் காட்டுகிற ஒருவர் என்ன சொல்ல முடியும்? பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், கழிப்பறை எந்தப் பக்கம், ஜேப்படிக்காரர்கள் ஜாக்கிரதை. இதற்கு மேல் அவர் நமக்காக எதையும் படித்துவிட்டு வர முடியாது.

மூன்றாவது, நம் ஊர் நூலகத்தில் பழைய குப்பைதான் இருக்கிறது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நான் எடுத்த ஒரு பயணப் புத்தகத்தில் நெதர்லாந்தின் பணம் கில்டர் என்று போட்டிருந்தது. அங்கே 2002 முதல் யூரோ நோட்டு புழங்குகிறது. தி. ஜானகிராமனின் 'கருங்கடலும் கலைக்கடலும்' நூலில் செக்கோஸ்லோவாகியா வரும். 1993இல் அது இரண்டு நாடாகப் பிரிந்துவிட்டது. அதனால் என்ன? பணமும் எல்லைக்கோடும் மாறும். ஓர் ஊரை நம் ஆள் ஒருவர் எப்படிப் பார்த்தார் என்பது பழசாகாது. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' எந்தக் காலத்துப் புத்தகம்! காந்தி படத்துக்காக ஊர் ஊராகப் பிலிம் சேகரித்த மனிதர் அவர். இன்றைக்கும் படிக்க இனிக்கிறது.

புதுப் புத்தகம் இல்லை என்றால், கேட்கிறோமா? அதுதான் என் கேள்வி. நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்து போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் வருகிற ஒரே கடை நூலகம்தான். 1931இல் எஸ்.ஆர். ரங்கநாதன் எழுதிய நூலக விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்காக என்பது. யாரும் எடுக்காத பிரிவுக்கு எந்த நூலகர் புதுப் புத்தகம் கேட்டு எழுதுவார்? அலமாரி காலியாக இருப்பதற்கு அரசாங்கத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. பாதிப் பழி நம் மேல்.

2019இல் மறுபடியும் போனோம். இந்த முறை கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்தேன். திட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. போகப்போகும் நாட்டின் சரித்திரம் ஒன்று, நம் ஆள் எழுதிய பயண நூல் ஒன்று, அந்த ஊர்க்காரர் எழுதியதன் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று, அந்த நாட்டுக்கும் நமக்கும் இருந்த தொடர்பைச் சொல்லும் புத்தகம் ஒன்று. நான்கே நான்கு. இரவில் என் மனைவிக்குப் படித்துக் காட்டுவேன். ஆனி ஃப்ராங்கின் நாட்குறிப்பைப் பாதியில் நிறுத்தச் சொன்னாள், தாங்கவில்லை என்று. மறுநாள் அவளே எடுத்து முடித்துவிட்டாள். 1942 ஜூலையில் ஒளிந்து, 1944 ஆகஸ்டில் பிடிபட்ட குடும்பம். அந்த வீட்டின் செங்குத்துப் படிகளில் முழங்கால் வலியோடு அவள் ஏறியபோது, யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லெய்டனுக்கு நானும் பேத்தியும் மட்டும் போனோம். கால்வாய்க் கரையில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கு வெளியே நின்று செப்பேட்டுக் கதையைச் சொன்னேன். "அப்ப இது நம்மளுதா, இவங்களுதா தாத்தா?" என்று கேட்டாள். "நீயே சொல்லு" என்றேன். ரயிலில் திரும்பும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தாள். திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை நம் நாட்டில் எழுந்திருப்பதையும் சொன்னேன். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத் தோட்டத்தில்தான் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் க்ளூசியஸ் என்ற தாவர அறிஞர் டூலிப் வளர்த்தார் என்பதும் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததுதான். முதல் தடவை பூவைத் தேடி அந்த ஊரைத் தாண்டி ஓடியிருக்கிறோம்!

வெளிநாட்டுக்குப் போகிறவர்களை மட்டும் சொல்வானேன். நம் படவேட்டுக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஒரு தார் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். இது சம்புவராயர்களின் தலைநகரம், விஜயநகரத்துக் கம்பணன் படையெடுத்து வந்த ஊர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? யோக ராமர் கோயிலில் ராமர் சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்க, எதிரே ஆஞ்சநேயர் கையில் ஓலைச்சுவடியோடு அமர்ந்திருக்கிறார். கடலைத் தாண்டியவர் அவர். அவரே படித்துக்கொண்டுதான் இருக்கிறார். நமக்கு மட்டும் போன் போதுமாம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் டிக்கெட் போடுவார்கள், ஹோட்டல் பார்ப்பார்கள். அவர்களுக்கு நேரம் இல்லாத ஒரு வேலை இருக்கிறது. அது படிக்கிற வேலை. நமக்கு நேரம் இருக்கிறது. சக்கர நாற்காலி கேட்டுவிட்டுப் பின்னால் இழுபடுகிற கிழங்களாகப் போக வேண்டாம். பேரப்பிள்ளை கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்களாகப் போவோம்.

அந்தப் பழைய மாணவரின் அப்பா சந்தவாசலில்தான் இருக்கிறார். திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போளூர் நூலகத்துக்குப் போவதாக இருக்கிறேன். பயணத்துக்கு இன்னும் நிறைய மாதம் இருக்கிறது. நான்கு புத்தகத்துக்கு அது தாராளம்.