ஒரே ஊர், ஒரே விதி: ஒரு குடியிருப்பு நின்றது, நான்கு தகர்ந்தது ஏன்?

கொச்சி தேவராவிலிருந்து பாலம் ஏறி குண்டன்னூர் பக்கம் இறங்கினால் மரடு. அங்கே காயலோரம் இருந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 300க்கும் மேற்பட்ட ஃபிளாட்டுகள் போயின. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறியதாக உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று போட்ட உத்தரவு அது.

அதே கொச்சியில், சிலவன்னூர் காயலோரம் டிஎல்எஃப் கட்டிய குடியிருப்பு மீதும் கடலோர விதி மீறல் வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2014ல் இடிக்கச் சொன்னார். 2016ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, 1 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. கட்டடம் தப்பியது.

இரண்டுக்கும் 16 மாத இடைவெளிதான். அங்கே அபராதம், இங்கே வெடிமருந்தா என்று உங்களுக்குத் தோன்றலாம்.

*முன்தீர்ப்பு என்றால் என்ன?*

உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியல் சாசனத்தின் 141வது பிரிவு. கவனியுங்கள், கட்டுப்படுத்துவது 'சட்டம்'தான். யார் ஜெயித்தார்கள் என்பது அல்ல. ஒரு தீர்ப்பில் வழக்கின் விவரங்கள், முடிவுக்கான காரணம், முடிவு என மூன்றும் இருக்கும். இதில் முன்தீர்ப்பாக நிற்பது அந்தக் காரணம் மட்டுமே. போகிற போக்கில் நீதிபதி சொல்லும் கருத்துக்கு அந்த பலம் கிடையாது.

தமிழ்நாட்டு நில எடுப்பு வழக்கு ஒன்றில் (பத்ம சுந்தர ராவ், 2002) ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. தீர்ப்பைச் சட்டப்புத்தகம்போல வரிவரியாகப் பொருத்தக் கூடாது. ஒரே ஒரு விவரம் மாறினாலும் முடிவு மாறலாம்.

*அப்போ, கொச்சியில் மாறியது எது?*

சிலவன்னூர் வழக்கு, உரிய அனுமதியை முன்கூட்டியே வாங்கினார்களா என்பதைச் சுற்றியே நடந்தது. மரடில் கேள்வியே வேறு: அந்த இடத்தில் கட்டலாமா? 2006ல் அனுமதி கொடுத்தபோது மரடு ஒரு பஞ்சாயத்து. 1996ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி அது கட்டுப்பாடு அதிகமுள்ள மூன்றாம் வகை. பின்னாளில் ஊர் நகராட்சியானது, வகை மாறியது என்ற வாதம் எடுபடவில்லை. கட்டிய நாளில் எந்த விதி இருந்ததோ அதுதான் கணக்கு என்றது நீதிமன்றம்.

*எந்த விவரம் முக்கியம் என்று யார் முடிவு செய்வது?*

நீதிபதிகள்தான். சட்ட அறிஞர்கள் காலங்காலமாக விவாதிக்கும் இடமும் இதுதான். இதற்குக் கடிவாளமாக ஒரு மரபு உண்டு: சம எண்ணிக்கை கொண்ட அமர்வு முந்தைய தீர்ப்பை ஒதுக்க முடியாது, உடன்பாடில்லை என்றால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த மரபு அண்மையிலும் சோதனைக்கு வந்தது. கட்டியபின் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முறை செல்லாது என்று 2025 மே மாதம் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சம பலமுள்ள முந்தைய தீர்ப்புகளைக் கவனிக்கவில்லை என்று சொல்லி, நவம்பரில் மூவர் அமர்வு 2-1 என்ற கணக்கில் அதைத் திரும்பப் பெற்றது. மே மாதத் தீர்ப்பில் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான், இம்முறை மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். முன்தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதிலேயே நீதிபதிகள் ஒத்துப்போக வேண்டியதில்லை.

*உங்களுக்கு இதில் என்ன?*

வீட்டுக்கடன் போட்டு ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? 'பக்கத்து பில்டிங்கையே கோர்ட் விட்டுடுச்சு சார்' என்று யாராவது சொன்னால், எந்தக் காரணத்துக்காக விட்டது என்று கேளுங்கள். 'ஸ்டே இருக்கு' என்றால் இன்னும் உஷாராகுங்கள். மரடில் 2007லேயே பஞ்சாயத்து நோட்டீஸ் கொடுத்தது. உயர் நீதிமன்றத் தடையின் பலத்தில்தான் கட்டடங்கள் எழுந்தன. தடை என்பது தீர்ப்பு அல்ல.

அனுமதி தரப்பட்ட நாளில் அந்த நிலம் எந்த வகை, எந்த வரைபடம் அமலில் இருந்தது, எந்த அனுமதி எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஒரு நாள் வழக்கு வந்தால், உங்கள் வீட்டைப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பிரித்துக் காட்டப்போவது அந்த மூன்று விவரங்கள்தான்.